அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஒலிப்பதிவு அறைக்கு ஜன்னல் இல்லை. கதவைச் சாத்தியதும் காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி இருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்ததுமே நிகழ்ச்சி நடத்தும் தம்பியிடம் சொல்லிவிட்டேன்: "நடுவில் எழுந்து வெளியே போனால் பயந்துடாதீங்க தம்பி, கொஞ்ச நேரத்தில் வந்துடுவேன்." அவர், "பரவாயில்லைக்கா, எத்தனை தடவை நிறுத்தினாலும் வெட்டி ஒட்டிக்கலாம்" என்றார். அது எனக்கும் தெரிந்த வேலைதான். திருச்சி உறையூரில் 22 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன்.

எனக்கு இரண்டு நோய். ஒன்று பைபோலார். இருமுனை மனநோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். சில காலம் மனம் தாறுமாறாக மேலே ஏறும், சில காலம் எழுந்து பல் தேய்க்கக்கூட முடியாமல் கிடக்கும், நடுவில் எல்லோரையும் போல இருக்கும். இன்னொன்று கடும் பதற்றம், கூடவே பேனிக் அட்டாக் என்கிற திடீர்ப் பீதி. இரண்டும் ஒருவருக்கே வருமா என்று கேட்கிறார்கள். பைபோலார் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு பதற்ற நோயும் சேர்ந்து வருகிறது. நான் ஒன்றும் விசேஷப் பிறவி இல்லை.

முதலில் வந்தது பீதிதான். அப்போது எனக்கு 27 வயது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ். மடியில் டெலிவரி கொடுக்க வேண்டிய துணிப்பை. காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. காரணமே இல்லாமல் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. உதட்டைச் சுற்றி மரத்துப்போனது. விரல்கள் மடங்கிக்கொண்டு நிமிர மறுத்தன. செத்துவிடுவேன், அதுவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட ஆள் இல்லாத நேரத்தில் செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும், அதனால்தான் அந்த மரமரப்பும் விரல் மடங்கலும் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் பக்கத்து சீட்டு அம்மா என் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். அம்மா மண்டபத்தில் இறக்கிவிட்டு சோடா வாங்கிக் கொடுத்தார்.

மூன்று தடவை இசிஜி எடுத்தோம். மூன்றும் நார்மல். "கேஸ் டிரபிளா இருக்கும்" என்றார்கள். ஓம வாட்டர் குடித்தேன். பஸ்ஸில் போவதை நிறுத்தினேன். அப்புறம் கூட்டமான கடைக்குப் போவதையும், கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினேன். கடைசியில் ஒரு மருத்துவர் இது பேனிக் அட்டாக் என்று கண்டுபிடித்து அதற்குரிய மாத்திரை கொடுத்தார். அவர் கண்டுபிடித்தது சரிதான். நான்தான் பாதிக் கதையைச் சொன்னேன்.

மூன்று வாரத்தில் தீபாவளி சீசன் வந்தது. டைலர் கடையில் தீபாவளிக்கு முந்தின 20 நாள் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. அதனால் நான் தூங்காததை ஒருவரும் கவனிக்கவில்லை. மற்றவர்கள் கண்ணெரிச்சலோடு டீயைக் குடித்துக் குடித்துத் தைத்தார்கள். எனக்கு டீயே தேவைப்படவில்லை. தீபாவளி முடிந்தது. ஹெல்பர் பெண்கள் இரண்டு நாள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்கள். நான் அப்போதும் தூங்கவில்லை. தலைக்குள் டிசைன் டிசைனாக வந்துகொண்டே இருந்தது. மகளிர் குழுவில் கடன் வாங்கி 6 பவர் மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தேன். என் கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி. "எங்கேம்மா போடுவ?" என்று கேட்ட என் வீட்டுக்காரரிடம், என் வளர்ச்சியைப் பொறுக்கவில்லை என்று தெருவே கேட்கச் சண்டை போட்டேன்.

அந்த வாரத்தில்தான் பட்டுப் புடவை விஷயம் நடந்தது. நெடுநாள் கஸ்டமர் ஒருவர் பட்டுப் புடவையைக் கொடுத்து, அதோடு சேர்ந்தே வருகிற ரன்னிங் பிளவுஸ் பிட்டை வெட்டித் தைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் பிளவுஸ் பிட்டை விட்டுவிட்டு ஜரிகை முந்தானையை வெட்டினேன். தவறி இல்லை. வேண்டுமென்றே, ராத்திரி மூன்று மணிக்கு, பின்கழுத்தில் மயில் வைப்பதற்காக. அவர் வாங்க வந்தபோது பெருமையோடு விரித்துக் காட்டினேன். அவர் வெட்டுப்பட்ட ஓரத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார். அந்த இரண்டு மாதத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் படபடப்பைப் பற்றிக் கொஞ்சம்தான் கேட்டார். "தூங்காமலேயே ரொம்பச் சுறுசுறுப்பா இருந்த நாள் இதுக்கு முன்னாடி உண்டா?" என்றார். உண்டு. 19 வயதில் ஒரு முறை, பிள்ளை பிறந்த பிறகு ஒரு முறை. அதையெல்லாம் நோய் என்று யார் நினைத்தார்கள்? கெட்டிக்காரப் பெண் என்று பெயர் வாங்கிக் கொடுத்த நாட்கள் அவை.

சிக்கல் இதுதான். பீதி நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரைகள் மனச்சோர்வுக்குக் கொடுக்கிற வகையைச் சேர்ந்தவை. பைபோலார் உள்ளவருக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் மனதை மேலே ஏற்றிவிடக்கூடும். எனக்கு ஏற்றியது. அதனால் முதலில் ஏற்ற இறக்கத்தைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், பதற்றத்தை அதற்குப் பிறகுதான் கவனிக்க முடியும். படபடப்புக்காக மருத்துவரிடம் போகிற யாரும் தங்கள் சுறுசுறுப்பான நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். சந்தோஷமாக இருந்ததை எதற்கு டாக்டரிடம் சொல்வது என்று தோன்றும். சொல்லுங்கள்.

எனக்குக் கிடைத்தது லித்தியம். அது ஓர் உப்பு வகை. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்கிற மருத்துவர் முதலில் சீமைப் பெருச்சாளிகளுக்குப் போட்டுப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். இன்றைக்கும் இந்த நோய்க்கு அதுதான் முன்வரிசை மருந்துகளில் ஒன்று. விலை மலிவு. ஆனால் அளவு பிசகக் கூடாது. ரத்தத்தில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரை நிற்க வேண்டும் என்பார்கள். குறைந்தால் பயன் இல்லை, ரொம்ப ஏறினால் விஷம். மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்ப்பேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தைராய்டும் கிட்னியும் பார்க்க வேண்டும்.

தையல்காரிக்கு லித்தியம் கொடுத்த கஷ்டம் ஒன்று உண்டு. கை லேசாக நடுங்கும். டம்ளர் பிடிக்கத் தடையில்லை, ஊசியில் நூல் கோக்கத்தான் தடை. முதல் ஆறு மாதம் ஹெல்பர் பெண்தான் கோத்துக் கொடுத்தாள். பிறகு மருத்துவர் அளவைக் கொஞ்சம் குறைத்தார். நானும் முழங்கையை மெஷின் பலகையில் ஊன்றிக்கொண்டு கோக்கக் கற்றுக்கொண்டேன். நுணுக்கமான ஆரி எம்பிராய்டரி வேலையை விட்டுவிட்டேன். அதில் வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதுகுவலிக்கு மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்குகிற டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாத்திரைகள் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். டைலருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? மருத்துவர் சொன்னபடி பாராசிட்டமால், ஒத்தடம், அவ்வளவுதான். வாந்தி பேதி வந்து உடம்பில் நீர் வற்றினாலும் ஆபத்து. கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தைப்பேன்.

ஸ்ரீரங்கத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வைகுண்ட ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காத விரதத்தையும், ராத்திரி கண் விழிப்பதையும் நிறுத்தியதுதான் வீட்டில் பெரிய பிரச்சினை ஆனது. ஒரே ஒரு ராத்திரி முழுக்க விழித்தால்கூட எனக்கு ஏற்றம் தொடங்கிவிடும். மாமியாருக்கு அது புரியவில்லை. "பெருமாளுக்குத் தெரியும் அத்தை" என்றேன். பெருமாளுக்குத் தெரியும், அத்தைக்குத்தான் தெரியவில்லை.

கோயிலை நான் பழிக்கவில்லை. மனநோய் என்றாலே சென்னைக்காரர்கள் கேலிக்குக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி என்பார்கள், எங்கள் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயில் என்பார்கள். அந்தக் குணசீலத்தில்தான் என் அம்மா என்னை ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைத்தார். முகத்தில் தெளிக்கிற தீர்த்தம் சுளீரென்று இருக்கும். மாத்திரையையும் நிறுத்தவில்லை. எதில் குணமானேன் என்பதில் அம்மாவுக்கும் டாக்டருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் இரண்டு பேரிடமும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொன்ன உறவினரிடம் மட்டும் அப்பா சீறினார். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை பற்றியெரிந்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் செத்தது அவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

சரி, மேலே ஏறுவது அடங்கியது. பதற்றம் அடங்கவில்லை. இடையில் பதற்றத்தை உடனே அடக்குகிற அல்பிரசோலம் மாத்திரை பழகிப்போயிருந்தது. போட்டால் கால் மணி, அரை மணியில் நிம்மதி, அதுதான் வம்பு. அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். முழு மாத்திரை, முக்கால், அரை, கால் என்று இறங்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. உளவியலாளர் ஒருவர் வினோதமான பயிற்சி கொடுத்தார். நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றச் சொன்னார், தலை சுற்றட்டும் என்று. மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிஷம் மூச்சு விடச் சொன்னார், மூச்சு முட்டட்டும் என்று. எந்த உணர்ச்சியைக் கண்டு நடுங்கினேனோ அதையே நானாக வரவழைத்து, அது பத்து நிமிஷத்தில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்குவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு பஸ். முதல் வாரம் ஒரு நிறுத்தம், அடுத்த வாரம் இரண்டு. பாலத்தைத் தாண்டிய அன்று, போய் வந்த டிக்கெட்டை மகள் என் அளவு நோட்டில் ஒட்டிவைத்தாள்.

அந்த அளவு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பக்கம் கஸ்டமர் கணக்கு: மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம். கடைசிப் பக்கத்தில் என் கணக்கு. தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினேன், பீதி வந்ததா, அவ்வளவுதான். காலையில் நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பேன். வெறும் பதற்றமா, ஏற்றம் தொடங்குகிறதா? உள்ளே இருந்து பார்க்கிற எனக்குத் தெரியாது. நோட்டுக்குத் தெரியும். தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கம் தேவைப்படாமல் இருப்பது வேறு. பதற்ற நாளில் இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருந்தால் மறுநாள் துணி மேலேயே சாய்ந்துவிடுவேன். ஏற்றத்தில் அதே இரண்டு மணி நேரம் போதும், மறுநாள் ஊரையே தைத்துக் கொடுப்பேன். இரண்டு ராத்திரி அப்படிப் போனால் டாக்டருக்கு வீட்டுக்காரர் போன் செய்வார், என்னிடம் அனுமதி கேட்க மாட்டார். தெளிவாக இருந்த ஒரு நாளில் நானே எழுதிக் கொடுத்த ஏற்பாடு அது. ஏடிஎம் கார்டும் அன்று அவர் கைக்குப் போய்விடும். நூல் கடைக்காரரிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன்: ஒரே நாளில் 40 நூல்கண்டு கேட்டால் ஸ்டாக் இல்லை என்று சொல்லுங்கள்.

இதில் ஒரு மனக்குறை உண்டு. நான் வாய்விட்டுச் சிரித்தால் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய அன்று நான் அக்கம்பக்கம் எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தேன். "அம்மா, நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின?" என்று கேட்டாள். ஏழு மணி நேரம் தூங்கியிருந்தேன்! நோட்டை எடுத்துக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் சின்ன வயதில் பார்த்தது அப்படி. ஆனாலும் மற்றவர்களுக்குச் சும்மா கிடைக்கிற சந்தோஷத்துக்கு நான் மட்டும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

கெட்ட ராத்திரி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில சமயம் ஏற்றமும் இறக்கமும் ஒரே நேரத்தில் வரும். மனம் சாவைப் பற்றியே நினைக்கும், உடம்பு மட்டும் ஓய்வில்லாமல் ஓடும். இருக்கிற நிலைகளில் ஆபத்து அதிகமானது அதுதான். அந்த ராத்திரி வீட்டுக்காரரை எழுப்பி, "என்னைத் தனியா விடாதீங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியம்தான் வாயில் வந்தது. அவர் விளக்கைப் போட்டார், காபி போட்டார், விடிகிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், விடிந்ததும் ஆஸ்பத்திரி. எழுப்ப ஆள் இல்லாதவர்களுக்கு இப்போது 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

இந்த எண்ணைச் சொல்வதற்குள் எழுந்து போய்விடுவேனோ என்று பயந்துகொண்டே இருந்தேன். போகவில்லை. நடுவில் ஒரு இடத்தில் நெஞ்சு கொஞ்சம் அடித்தது, தம்பி கவனித்தாரோ என்னவோ, கதவை லேசாகத் திறந்துவிட்டார்.

முந்தானையை வெட்டினேனே, அந்த அம்மாவுக்கு இரண்டு வருஷம் தவணையில் பணம் கொடுத்து முடித்தேன். போன மாதம் கடைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தப் புடவை. மேசை மேல் விரித்து, என் சாக்கட்டியை எடுத்து, பிளவுஸ் பிட் எங்கே முடிகிறது என்று அவரே ஒரு கோடு போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு கோடும் போட்டார். நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். வெள்ளிக்கிழமை டெலிவரி.

வணக்கம்.