முகக்கவசத்தில் ஒரு வரையாடு

நேயர்களுக்கு வணக்கம். 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உதகை மார்க்கெட்டிலும் குன்னூர் பேருந்து நிலையத்திலும் நடமாடியவர்களுக்கு, புலியின் வாயை அச்சிட்ட துணி முகக்கவசங்கள் நினைவிருக்கும். பிளந்த வாயும் கோரைப்பற்களுமாக ஒருவர் கேரட்டுக்குப் பேரம் பேசியதைக் கண்டு நானும் சிரித்திருக்கிறேன். ஆயினும் அந்தப் படங்களின் மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. புலி பகலில் பெரும்பகுதி நேரம் படுத்துத்தான் கிடக்கும் என்பது, முதுமலைப் பக்கம் கேமராவுடன் திரிந்த எவருக்கும் தெரியும். அந்த எரிச்சலில்தான் நான் எடுத்த காட்டுயிர்ப் படம் ஒன்றை முகக்கவசத்தில் அச்சிடத் துணிந்தேன்.

நான் தேர்ந்தது நீலகிரியின் முக்குருத்தி மலைச் சரிவில் மூடுபனிக்கிடையே நின்ற வரையாட்டுக் கிடா. முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் பூட்டியதுபோல் ஒரு வெளிர்த் திட்டு இருக்கும். இதற்கு அதோடு இடது கொம்பின் நுனியும் உடைந்திருந்தது.

பருத்தியில்தான் அச்சிட வேண்டும் என்று நான் அடம்பிடித்தபோது அச்சகத்தார் மறுத்துவிட்டார். சாயத்தை முதலில் காகிதத்தில் அச்சிட்டு, பாலியெஸ்டர் துணியோடு சேர்த்து ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தினால், அது ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடும். பருத்தி இழை அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளாது. பாலியெஸ்டரிலோ சாயம் துணியின்மேல் பூச்சாகப் படியாததால் மூச்சும் முட்டாது. உட்புறம் பருத்தி, வெளிப்புறம் பாலியெஸ்டர், நடுவில் வடிகட்டும் அடுக்கு என்று 2020 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் கூறிய மூன்றடுக்கு முறைக்கும் அது பொருந்தி வந்தது.

மாதிரி வந்ததும் அதை அணிந்துகொண்டு, எனக்கு நெடுநாள் பழக்கமான வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரிடம் பெருமையுடன் காட்டினேன். அவர் குளிரில் கைகளைத் தேய்த்தபடி என் முகத்தையே சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நம்ம ஆட்டுக்கு எப்ப சார் வலது கொம்பு ஒடஞ்சுது?” என்று கேட்டார். காகிதத்தில் படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டால்தான் துணியில் அது நேராக விழும், திருப்ப மறந்திருக்கிறார்கள். படம் எடுத்தவன் நான், நாள் முழுவதும் அதை முகத்தில் சுமந்தவனும் நானே. பிழையைக் கண்டுபிடித்தவர் அவர். புலி வாயை யாரும் இப்படி உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதே, இன்றுவரை என் வாதம்.

தையலிலும் ஒரு சிக்கல் இருந்தது. மடிப்பு வைத்தால் முதுகுத் திட்டு மடிப்புக்குள் மறைந்துவிடும். நடுத்தையல் போட்டால் ஆட்டின் கழுத்து இரண்டாகப் பிளந்துவிடும். கோத்தகிரியில் எங்களுக்குத் தைத்துத் தந்த அம்மா, கிடாவை முழுதாக ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி, மூக்கின் மேல் மூடுபனி மட்டும் வரும்படி துணியை வெட்டினார். ஐம்பது புகைப்படக்காரர்கள் கூடிப் பேசினாலும் அந்த யோசனை தோன்றியிருக்காது.

பயன்படுத்திய பின் இவற்றை என்ன செய்வது என்பதைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்தான். ஆகவே பழைய முகக்கவசம் வீட்டில் கிடந்தால், காதில் மாட்டும் எலாஸ்டிக்கைக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். பறவையின் கால் அதில் சிக்காமல் இருக்கும். வணக்கம்.