பரோலோ: துவர்ப்பு தெரிந்த நாக்குக்கு ஓர் ஒயின்

நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலியின் வடமேற்கில் பியெமோன்தே என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே ஆல்பா என்ற ஊருக்குப் பக்கத்தில் லாங்கே குன்றுகள். அக்டோபர் மாதத்தில் காலையில் மூடுபனி ஏறி, கொடிகளே தெரியாது. அந்த நேரத்தில்தான் நெபியோலோ திராட்சை பழுத்துப் பறிப்புக்கு வரும். அங்குள்ள 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோவில் மட்டும் செய்யும் சிவப்பு ஒயின்தான் பரோலோ. குறைந்தது 38 மாதம் முதிரவிட்ட பிறகே விற்கலாம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் சட்டம்.

முதல் தடவை ஊற்றிப் பார்ப்பவர்கள் இதன் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். இவ்வளவு வெளுப்பா என்று தோன்றும். வயதான புட்டி என்றால் ஓரத்தில் செங்கல் நிறம் தட்டும். மூக்கருகே கொண்டுபோனால் வாடிய ரோஜா வாசனை, கூடவே தார் வாசனை. ஆமாம், புதிதாகச் சாலை போடும்போது வருமே, அந்தத் தார்தான். இரண்டும் சேர்ந்து எப்படி நன்றாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு வாய் குடித்தால் புளிப்பு வரும், அதன் பின்னாலேயே துவர்ப்பு. நாவல்பழம் தின்றபின் நாக்கு தடித்துப் போகுமே, அதே உணர்வுதான். ஒயினைப் பற்றி எழுதும் பலர் இதை வாய் உலர்ந்து போவதாகச் சொல்கிறார்கள். நமக்கு அது அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவையும் பாக்கையும் விரும்பிச் சாப்பிடுகிற நாம் பரோலோவைப் பார்த்து மிரளத் தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின்தான் இந்தத் துவர்ப்புக்குக் காரணம். அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ள, வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. வாயில் இறைச்சியும் கொழுப்பும் இருந்தால் அதன் பிடி தளர்ந்துவிடும். ஒயின் இளகும், கறியின் கனமும் குறையும். அதனால்தான் பரோலோவைத் தனியாகக் குடித்துவிட்டுக் குறை சொல்கிறவர்களிடம், முதலில் தட்டை நிரப்புங்கள் என்பேன்.

அந்த ஊர்க்காரர்கள் இதற்குச் செய்வது பிராசாத்தோ. பெரிய மாட்டிறைச்சித் துண்டை வெங்காயம், காரட், கிராம்பு, பட்டையோடு ஒயினிலேயே ஊறவைத்து, கரண்டி பட்டாலே உதிரும் வரை சிறுதீயில் மணிக்கணக்காக வேகவிடுவார்கள். இறைச்சி வேண்டாம் என்பவர்களுக்குத் தயரீன் இருக்கிறது. ஒரு கிலோ மாவுக்கு 30 மஞ்சள் கருவரை சேர்த்துப் பிசைந்து, நூல்போல நறுக்கும் பாஸ்தா அது. வெண்ணெயில் புரட்டி, இலையுதிர் காலத்தில் மேலே ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிளைச் சீவிப் போடுவார்கள். மண்ணுக்கடியில் விளையும் அந்தக் காளானின் வாசனையும் முதிர்ந்த பரோலோவின் வாசனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மீனோடு மட்டும் வேண்டாம், வாயில் தகரம் கடித்த மாதிரி ஆகிவிடும். மிளகாய்க் காரத்தோடும் வேண்டாம். சாராயச் சத்து 13 சதவீதத்துக்குக் குறையாத ஒயின் இது, எரிச்சலைத்தான் கூட்டும்.

அப்புறம், சூடு முக்கியம். 16 முதல் 18 டிகிரி போதும். சென்னை அறையின் சூட்டில் ஊற்றினால் ரோஜா போய் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். இளம் புட்டியை இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வாயகன்ற ஜாடியில் ஊற்றி வையுங்கள். விலை அதிகம் என்று தோன்றினால் லாங்கே நெபியோலோ என்று கேளுங்கள். அதே திராட்சைதான், சீக்கிரமே குடிக்கப் பக்குவமாகிவிடும்.

சாப்பாடு முடிந்து கிளாஸில் கொஞ்சம் மிஞ்சினால் கொட்டிவிடாதீர்கள். அதே மாநிலத்து மலைப் பாலாடைக்கட்டி காஸ்தெல்மாஞ்ஞோ, கையில் உதிரும், லேசாகப் புளிக்கும். அதில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே அந்தக் கடைசி வாயை மெதுவாகக் குடியுங்கள்.