வாசல் இல்லாத பள்ளியின் செய்திகள்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

பிற்பகல் மூன்றரை மணிக்கு நம் ஊர்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பாகவே வந்து மரநிழலில் நின்றுகொண்டு, "திங்கட்கிழமை லீவாமே?", "கணக்கு டீச்சர் மாறிட்டாங்களாமே?", "உங்க பிள்ளைக்கும் காய்ச்சலா?" என்று அவர்கள் பேசிக்கொள்வதில், பள்ளி அனுப்பும் சுற்றறிக்கையில் உள்ளதைவிட அதிகமான செய்தி கைமாறிவிடுகிறது. அப்படி நிற்பதற்கு ஒரு வாசலே இல்லாத பள்ளிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் அத்தகைய தொலைக்கல்விப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றி, அங்கே குடும்பங்களுக்கு வாரந்தோறும் அனுப்பும் செய்திமடலைத் தயாரிக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தவள் என்ற முறையில், அந்தக் குடும்பங்களுக்குப் பள்ளிச் செய்தி எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் இயங்கும் வானலைப் பள்ளியின் எல்லை ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதால், பத்துத் தமிழ்நாடுகளை அருகருகே வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு இடத்தையும் தன் வகுப்பறையாகக் கொண்ட பள்ளி அது. ஆனால் அதில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையோ, நம் ஊரில் ஒரு சாதாரணத் தொடக்கப்பள்ளியில் இருக்கும் அளவுதான். பெரும்பாலும் மாட்டுப் பண்ணைகளில் வளரும் பிள்ளைகள். அவர்களோடு, தொலைதூரச் சாலையோர விடுதிகளை நடத்துவோரின் பிள்ளைகளும், வேலை நிமித்தமாக ஓரிடத்தில் தங்காமல் பயணம் செய்துகொண்டே இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் இதுபோன்ற பள்ளிகளில் சேர்கிறார்கள். பக்கத்து வீடு என்பது ஐம்பது கிலோமீட்டர் மண்சாலைக்கு அப்பால் இருக்கும். மழை பெய்தால் அந்தச் சாலையும் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும்.

இந்தப் பள்ளி தோன்றிய கதையை வானொலியில் சொல்வது எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் அது வானொலியில் பிறந்த பள்ளி. 1928 ஆம் ஆண்டு ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் குயின்ஸ்லாந்தின் குளோன்கரி ஊரில் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். விமானம் இருந்தது, மருத்துவர் இருந்தார். ஆனால் நோயாளி இருக்கும் பண்ணையிலிருந்து மருத்துவரை அழைக்க வழியில்லை. மின்சாரமே எட்டாத இடங்கள் அவை. அடிலெய்ட் நகரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர், சைக்கிள் மிதிப்பதைப் போலக் காலால் மிதித்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வானொலிக் கருவியைச் செய்து கொடுத்தார். 1929 இல் அந்தக் கருவிகள் பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. முதலில் மோர்ஸ் குறியீட்டில்தான் அவற்றில் செய்தி அனுப்ப முடிந்தது. பின்னர் குரலிலேயே பேச முடிந்தது. இன்றைய இருபது டாலர் நோட்டில் ஃபிளினின் முகத்தோடு அந்த மிதி வானொலியின் படமும் இருப்பதை ஆஸ்திரேலியாவில் வாழும் நேயர்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பறக்கும் மருத்துவர் அலைவரிசையில் மருத்துவ அழைப்புகளும் தந்திகளும் முடிந்த பிறகு, பண்ணை வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. கூட்டமாக உட்கார்ந்து ஓயாமல் கத்தும் இளஞ்சிவப்பும் சாம்பலுமான கிளியினம் ஒன்று அங்கே உண்டு. அதற்குக் கலா என்று பெயர். பெண்களின் அந்தப் பேச்சு நேரத்துக்கும் 'கலா நேரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயரில் கொஞ்சம் ஏளனம் இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்த ஓடையில் வெள்ளம் வந்திருக்கிறது, யார் வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது, எந்தப் பிள்ளைக்கு அம்மை கண்டிருக்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் தெரியவந்தது. பல வாரங்கள் இன்னொரு பெண்ணின் முகத்தையே பார்க்காத ஒருத்திக்கு அது வம்புப் பேச்சாக இருந்திருக்காது. தானும் ஓர் ஊரைச் சேர்ந்தவள் என்ற உணர்வை அது தந்திருக்கும்.

கல்வித்துறையில் ஆய்வாளராகப் பணியாற்றி, பறக்கும் மருத்துவர் சேவையிலும் பொறுப்பு வகித்த அடிலெய்ட் மீத்கி என்ற அம்மையார், பண்ணைப் பிள்ளைகள் வெளியாட்களைக் கண்டால் கூச்சப்பட்டு ஒதுங்குவதையும், அதே பிள்ளைகள் வானொலிக் கருவியைத் தயங்காமல் கையாளுவதையும் கவனித்தார். அப்படியானால் பாடத்தையும் அந்தக் கருவி வழியாகவே நடத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு முன்பும் அஞ்சல்வழிக் கல்வி இருந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அது 1916 இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அஞ்சலில் வரும் தாளுக்குக் குரல் கிடையாது. 1951 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானலைப் பள்ளி முறைப்படி திறக்கப்பட்டது. 1956 இல் புரோக்கன் ஹில்லிலும், 1966 இல் கேத்தரினிலும், இன்னும் பல ஊர்களிலும் அடுத்தடுத்து இத்தகைய பள்ளிகள் எழுந்தன.

அந்த வானொலி வகுப்பில் ஒரு வசதி இருந்தது. அதை நாங்கள் இழந்த பிறகுதான் உணர்ந்தோம் என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள். ஒரு பிள்ளை பேசி முடித்து "ஓவர்" என்று சொல்லும்போது, அந்தக் குரலை அலைவரிசையில் இருந்த எல்லா வீடுகளும் கேட்டன. சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசையும் தாய்க்கும், நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மற்றொரு தாய்க்கும், வகுப்பில் என்ன நடக்கிறது என்பதும் அடுத்த வாரம் என்ன நடக்கப்போகிறது என்பதும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தன. இடி மின்னல் காலத்தில் இரைச்சல் மிகுந்து பாதிப் பாடம் காணாமல் போகும். இருந்தாலும் செய்தி மட்டும் எப்படியோ வீடு வீடாகப் பரவிவிடும். பின்னர் 2000 களின் தொடக்கத்திலிருந்து செயற்கைக்கோள் வழியான வகுப்புகள் வந்தன. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் ஏவப்பட்ட ஸ்கை மஸ்டர் செயற்கைக்கோள்கள் இரண்டும் உள்நாட்டு வீடுகளுக்கு இணைய வசதியைக் கொண்டு சேர்த்தன. இன்று பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே பேசலாம். தான் எழுதியதைத் திரையில் காட்டலாம். கல்வி மேம்பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு பிள்ளை பேசுவது அடுத்த அறைக்குக்கூடக் கேட்பதில்லை. அந்தப் பொதுக் காது மூடிக்கொண்டதால்தான் செய்திமடல் இவ்வளவு முக்கியமானதாகிவிட்டது.

ஒரு முறை ஆசிரியர்களின் வீட்டுச் சந்திப்புப் பயணத்தில் நானும் சேர்ந்து, இரண்டு நாள் வண்டியோட்டி ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். வீட்டின் பின்தாழ்வாரத்தை அடைத்து வகுப்பறையாக்கியிருந்தார்கள். அங்கே தாய்தான் வீட்டு ஆசிரியர். பாடத்தைத் திரையில் ஆசிரியர் தொடங்கி வைப்பார், மற்ற நேரம் முழுவதும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது தாயின் வேலை. அறை மூலையில் இருந்த பழைய குளிர்பெட்டியின் கதவில் எங்கள் செய்திமடலின் முதல் பக்கம் காந்த வில்லையால் ஒட்டப்பட்டிருந்தது. பாடப் பொருள்களை அஞ்சலில் சேர்க்க வேண்டிய நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். அதன் கீழே பென்சிலால், "விமானம் வியாழன் மட்டும்" என்ற பொருளில் ஒரு குறிப்பு. நாங்கள் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தோம். தபால் விமானம் வாரத்துக்கு ஒரு முறை, வியாழக்கிழமை மட்டுமே இறங்கும் வீட்டுக்கு அந்த வெள்ளிக்கிழமையால் என்ன பயன்? அதே கதவில், பறக்கும் மருத்துவர் சேவை கொடுத்திருக்கும் மருந்துப் பெட்டியின் பட்டியலும் இருந்தது. அந்தப் பெட்டியில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண் உண்டு. தொலைவிலிருந்து மருத்துவர் எண்ணைச் சொல்ல, வீட்டில் இருப்பவர் தவறாமல் அந்த மருந்தை எடுத்துக் கொடுப்பார். அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, நான் எழுதிய தாள் எவ்வளவு கவனக்குறைவானது என்று வெட்கப்பட்டேன்.

அதைவிட என்னை வருத்திய தவறு ஒன்றும் உண்டு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வட ஆட்புலத்திலும் குயின்ஸ்லாந்திலும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றி வைப்பதில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். மாநில எல்லைகளைத் தாண்டிப் பிள்ளைகளைக் கொண்ட பள்ளிக்கு இது ஆண்டுதோறும் வரும் சோதனை. ஓர் அக்டோபரில், புதிய பருவத்தின் முதல் வகுப்பு 9 மணிக்கு என்று மட்டும் எழுதினேன். யாருடைய 9 மணி என்று எழுதவில்லை. எல்லைக்கு அப்பால் இருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தலைவாரிச் சீருடைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் வெறும் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள். தன்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று அவள் அழுததாகத் தாய் தொலைபேசியில் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பள்ளி வாசலில் நிற்கும் குழந்தைக்குப் பக்கத்துப் பிள்ளையின் தாய் "இன்னும் நேரம் இருக்கம்மா" என்று சொல்லிவிடுவார். இவளுக்கு அதைச் சொல்ல நூறு கிலோமீட்டர் சுற்றளவில் யாருமில்லை. அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு நேரத்தையும் ஒவ்வொரு மாநிலத்தின் கடிகாரப்படியும் தனித்தனியே அச்சிட்டோம்.

அதன் பிறகு செய்திமடலில் எதைப் போட வேண்டும், எதை விட வேண்டும் என்பதில் என் எண்ணமே மாறிவிட்டது. ஆண்டுக்குச் சில முறை பிள்ளைகள் எல்லாரும் நகரத்துப் பள்ளிக் கட்டடத்துக்கு வந்து ஒரு வாரம் சேர்ந்து படிப்பார்கள். பந்தை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி விளையாடுவதும், வரிசையில் நிற்பதும், தோழியோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆவதும் அந்த வாரங்களில்தான் நடக்கின்றன. அதன் தேதியைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மாடுகளைத் திரட்டும் பருவத்தில் பண்ணையை விட்டுக் குடும்பம் கிளம்புவது எளிதல்ல. பள்ளிக்கு எட்டாத தொலைவில் வாழும் பிள்ளைகளுக்காக அரசு தரும் 'தனித்துவாழ் பிள்ளைகள்' உதவித்தொகையைப் பற்றியும் விளக்கமாக எழுத வேண்டும். பொருத்தமான அரசுப் பள்ளி வீட்டிலிருந்து 56 கிலோமீட்டராவது தள்ளி இருந்தால் அந்த உதவியைக் கேட்கலாம் என்பது விதிகளுள் ஒன்று. புதிதாக வேலைக்கு வந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெரிய பெரிய படங்களை அடுக்கி இதழைக் கனமாக்கக் கூடாது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து இணையத்தைச் செலவிடும் வீட்டுக்கு அது சுமை.

இந்தக் குடும்பங்கள் செய்தியை வாங்கிக்கொள்பவர்கள் மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். 1971 இல் நியூ சவுத் வேல்ஸின் பர்க் நகரில் கூடிய பெற்றோர், தனித்துவாழ் பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே மேலே சொன்ன உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. இணைய வசதிக்காகவும், விடுதிச் செலவுக்காகவும் அந்தச் சங்கம் இன்றுவரை அரசிடம் வாதாடி வருகிறது. அது வெளியிடும் இதழுக்கு 'பெடல்ஸ்', அதாவது மிதிகட்டைகள் என்று பெயர்.

முன்பு சொன்ன அந்தச் சிறுமிக்கு நான் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து, தபால் விமானத்தில் அவளுடைய பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தாத்தாவின் மழைமானியில் தானே பார்த்ததாகச் சொல்லி, 18 மில்லிமீட்டர் என்று பெரிய எழுத்தில் எழுதி, இதை எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். அந்த இதழின் முதல் பக்கத்தில், நேர அட்டவணைக்கு மேலேயே அதை அச்சிட்டோம். அடுத்த வாரம் ஏழு வீடுகளிலிருந்து மழைக் கணக்கு வந்து சேர்ந்தது.

இவ்வளவு நேரம் செவிமடுத்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. வணக்கம்.