சாம்பல் மூட்டத்துக்கு உள்ளே

நேயர்களுக்கு வணக்கம். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து பகடை உருட்ட, ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக வாழும் ஆட்ட வகைக்கு முன்னோடி, 1974இல் வெளிவந்த ‘டன்ஜியன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. அதற்கென உருவான கற்பனை உலகங்களுள் எபரான் என்பதும் ஒன்று. பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தை நடத்தி வருபவன் என்ற முறையில், எபரானில் உள்ள மோர்ன்லாண்ட் என்ற பாழ்நிலத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். தமிழில் அதைத் துக்க நிலம் எனலாம்.

புதியதோர் உலகம் வேண்டுமென்று, அந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2002இல் பொது அழைப்பு விடுத்தபோது 11,000க்கும் மேற்பட்ட முன்மொழிவுகள் குவிந்தன. அவற்றுள் கீத் பேக்கர் எழுதியது தேர்வாகி, 2004இல் நூலாக வந்தது. அந்த உலகில் மந்திரம் ஒரு தொழில். மின்னல் ரயில் நாடுகளை இணைக்கிறது, வானில் கப்பல்கள் பறக்கின்றன. கலிஃபார் பேரரசை ஆண்ட ஜாரட் மன்னன், அந்த உலகின் ஆண்டுக்கணக்கில் 894ஆம் ஆண்டில் இறந்ததும், அவன் பிள்ளைகளுக்குள் அரியணைச் சண்டை மூண்டு, ஐந்து நாடுகள் நூறாண்டுக்கும் மேலாக ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. அந்தப் போரின் இறுதிக் கட்டத்தில், 994ஆம் ஆண்டில், ஒரே நாளில் சையர் என்ற நாடு அழிந்தது. கலைகளுக்கும் கைவினைக்கும் பெயர்பெற்ற நாடு அது.

அன்று எழுந்த சாம்பல் நிற மூடுபனி, ஏறத்தாழ அந்நாட்டின் எல்லை வரை பரவி, அங்கேயே சுவர் போல நின்றுவிட்டது. அந்த மூட்டத்துக்குள் அடைபட்ட நாடே துக்க நிலம். பாலை என்பது தொடக்கத்திலேயே பாலையாகப் பிறப்பதில்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தே பாலையாகின்றன என்று நம் முன்னோர் கண்டார்கள் அல்லவா? துக்க நிலத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண்ணமே முதலில் வரும். அங்கே நடப்பவர் மிதிப்பது ஒருவருடைய வயலை; ஒதுங்கி நிற்பது ஒருவருடைய வீட்டுத் திண்ணையில்.

அந்நிலத்தின் கொடுமைகளுள் என்னை மிகவும் பாதிப்பவை இரண்டு. முதலாவது, அங்கே பிணங்கள் அழுகுவதில்லை. கதை தொடங்கும் 998ஆம் ஆண்டில், அதாவது பேரழிவுக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும், வீழ்ந்த வீரர்கள் அன்று காலையில்தான் இறந்தவர்களைப் போலக் கிடக்கிறார்கள். இரண்டாவது, அங்கே காயம் ஆறுவதில்லை. ஓய்வெடுத்தாலும் பயனில்லை, 2004ஆம் ஆண்டு நூலின் விதிப்படி, குணப்படுத்தும் மந்திரங்களும் பலிப்பதில்லை.

இந்த விதியை ஏட்டில் படிப்பது வேறு, மேசையில் சந்திப்பது வேறு. ஒருமுறை என் ஆட்டத்தில், விலாவில் வெட்டுப்பட்ட தோழனின் மேல் கைவைத்து, பூசாரியாக ஆடியவர் காயம் ஆற்றும் மந்திரத்தைச் சொல்லிப் பகடையை உருட்டினார். எட்டு முகப் பகடையில் எட்டே விழுந்தது, மேசையே ஆர்ப்பரித்தது. ஒளி தோன்றி மறைகிறது, வெட்டு அப்படியே திறந்திருக்கிறது என்று நான் சொன்னேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர்கள் கேட்டதெல்லாம், எல்லையை எட்ட எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பது மட்டுமே. எந்த அரக்கனைக் கொண்டும் அந்த அச்சத்தை என்னால் வரவழைத்திருக்க முடியாது.

அரக்கர்களுக்கு அங்கே பஞ்சமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போரில் ஏவப்பட்ட மந்திரங்கள் சில உயிர்பெற்று, எய்தவர் இறந்த பின்னும் இரைதேடி அலைகின்றன. எரிக்கவென்று ஏவப்பட்ட நெருப்பு, எரிக்க எவரேனும் கிடைப்பார்களா என்று திரிகிறது. கண்ணாடியாய் உறைந்த மேட்டுநிலமும், ஒளி உமிழும் பிளவும் அங்கே உண்டு. உணவும் மூச்சும் தேவைப்படாத வார்ஃபோர்ஜ்டுகள், அதாவது போருக்கென வார்க்கப்பட்ட உயிருள்ள படைவீரர்கள், அந்த வெறுமையில் தமக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொள்கிறார்கள். மனிதரை வெறுக்கும் அவர்களுடைய தலைவன் ஒருவன் அங்கே படை திரட்டுகிறான் என்பதும் கதையின் ஒரு சரடு.

இத்தனையையும் செய்தது எது? படைத்தவர்கள் விடை சொல்லவில்லை. சொல்லப்போவதில்லை என்றும் தெளிவுபடுத்திவிட்டார்கள். எங்கோ ஓர் ஆயுதம் கைமீறியதா, போரில் கொட்டிய மந்திரமெல்லாம் சேர்ந்து ஒருநாள் வெடித்ததா என்பதை ஆட்டத்தை நடத்துபவரே முடிவு செய்துகொள்ளலாம். இந்த மௌனம்தான் அந்நிலத்தின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. காரணம் தெரியாததாலேயே, அடுத்து நம் நாடோ என்ற அச்சம் எல்லா அரசுகளையும் பிடித்து உலுக்கி, இரண்டே ஆண்டுகளில் சமாதானத்துக்கு இழுத்து வந்தது. விடையை முதல் வாரமே ஆடுபவர்களிடம் போட்டு உடைக்கும் நண்பர்களிடம், பொறுங்கள் என்று மன்றாடியிருக்கிறேன்.

996ஆம் ஆண்டின் அந்த ஒப்பந்தம் பன்னிரண்டு நாடுகளை அங்கீகரித்தது. அவற்றுள் சையர் இல்லை. தப்பிய மக்களுக்கு அண்டை நாடான பிரெலண்ட் ஓர் இடம் ஒதுக்க, அதற்கு நியூ சையர் என்று பெயரிட்டு, ஓர்கெவ் என்ற இளவரசனின் தலைமையில் வாழ்கிறார்கள்.

என் மேசையில் ஒருவர் அவ்வாறு தப்பிய தச்சனாக ஆடினார். புதையல் தேடிச் சென்ற குழுவினரோடு மூட்டத்தைக் கடந்தவர், தன் ஊரை அடைந்ததும் பொருள் எதையும் தொடவில்லை. வாசலில் அண்ணன் கிடந்தான், கையில் இழைப்புளி, முகத்தில் மாற்றமே இல்லை. மண்வெட்டி யாரிடமாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார். குழுவில் ஒருவரிடமும் இல்லை. அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லையை நோக்கி நடக்கத் தொடங்கினார். மூன்று நாள் வழி. மற்றவர்கள் தங்கள் மூட்டைகளிலிருந்த பொற்காசுகளைக் கீழே கொட்டிவிட்டு, தோள் மாற்ற முன்வந்தார்கள்.