ரெக்கார்டில் கூடாத நால்வர் மேடையில் கூடினார்கள்

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்த எதிரணி நண்பரே, அவையில் இருக்கும் இசைப் பிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘பிரிந்து மீண்டும் கூடிய கிளாம் ராக் குழுவை நேரில் பார்ப்பதில் கிடைப்பது இசையா, ஏக்கமா?’ இதுதான் தலைப்பு. ஏக்கம்தான் என்று வாதாடிய நண்பர் மூன்று கணை தொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உண்மையான இசை பழைய ரெக்கார்டில் இருக்கிறது, மேடையில் இருப்பது அதன் தேய்ந்த நகல் என்றார். வயதாகிவிட்டதால் சுருதியை இறக்கி வாசிக்கிறார்கள் என்றார். கூடுவதே காசுக்காக என்றார். இசைதான் என்று நிற்கிற எங்கள் அணி மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறது. பொத்தாம்பொதுவாகப் பேச விருப்பமில்லை. கிஸ் என்ற குழுவை எடுத்துக்கொள்கிறேன்.

அரிதாரமும் மினுமினுப்பு உடையுமாக மேடையேறும் ராக் இசைதான் கிளாம் ராக். அது இங்கிலாந்தில் பிறந்தது. 1971 மார்ச்சில் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் கண்ணுக்குக் கீழே மினுமினுப்புத் தூளைத் தீட்டிக்கொண்டு பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு வந்தாரே, அங்கிருந்து கணக்கை ஆரம்பிப்பது வழக்கம். அதன் அமெரிக்கக் கிளைகளில் ஒன்று, 1973-ல் நியூயார்க்கில் தொடங்கிய கிஸ். பால் ஸ்டான்லி, ஜீன் சிம்மன்ஸ், ஏஸ் ஃப்ரேலி, பீட்டர் கிரிஸ் என்று நால்வர். ஒருவர் முகத்தில் நட்சத்திரம், ஒருவர் பேய், ஒருவர் விண்வெளி மனிதன், ஒருவர் பூனை. டிரம்ஸ் வாசித்த கிரிஸ் 1980-லும், லீட் கிட்டார் வாசித்த ஃப்ரேலி 1982-லும் விலகினார்கள். 1983-ல் மற்றவர்கள் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வெறும் முகத்தோடு வாசிக்க ஆரம்பித்தார்கள். 1995 ஆகஸ்டில் எம்.டி.வி.யின் ‘அன்பிளக்டு’ என்ற மின்கருவியில்லா இசை நிகழ்ச்சிப் பதிவுக்குப் பழைய இருவரும் வந்து சில பாடல்களில் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த ஏப்ரல் 16-ல், நியூயார்க்கில் நிற்கும் இன்ட்ரெபிட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் மறுகூடல் அறிவிப்பு. 1996 ஜூன் 28, டெட்ராய்ட் டைகர் ஸ்டேடியத்தில் சுற்றுப்பயணத்தின் முதல் இரவு. ஏறத்தாழ 40,000 டிக்கெட், ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்தது.

இப்போது முதல் கணைக்கு வருகிறேன். எந்த ரெக்கார்டு உண்மை, நண்பரே? நீங்கள் கையில் தூக்கிக் காட்டியது 1975-ல் வந்த ‘அலைவ்!’ இரட்டை ஆல்பம். கிஸ் குழுவைப் பெரிய குழுவாக்கியதே அதுதான், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் பதிவான அந்த ஒலிநாடாக்களைத் தயாரிப்பாளர் எடி கிரேமர் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோன பிறகு பாட்டும் கிட்டாரும் பல இடங்களில் திரும்பப் பதிவு செய்யப்பட்டன. குழுவினரே பின்னால் இதை ஒப்புக்கொண்டார்கள். காரணமும் மறைக்கக்கூடியதல்ல. ஏழெட்டு அங்குல உயரக் குதிகால் பூட்ஸில் குதிக்கிறவர் கை கம்பியைத் தவறவிடும். ஓடிக்கொண்டே பாடுகிறவர் வாய் மைக்கை விட்டு விலகும். அந்தத் தவறுகளை ஸ்டுடியோவில் துடைத்தார்கள். ஆக, நீங்கள் மூலப் பிரதி என்று வணங்குவது பழுது பார்த்த பிரதி. பழுது பார்க்காதது மேடையில்தான் இருக்கிறது.

இதைவிட வலுவான சாட்சி ஒன்று உண்டு. இந்த வழக்கே அதில்தான் நிற்கிறது என்பேன். 1998-ல் ‘சைக்கோ சர்க்கஸ்’ ஆல்பம் வந்தது. நால்வரின் முகமும் போட்டு, மறுகூடல் ஆல்பம் என்றே விற்றார்கள். உள்ளே வாசித்தது யார்? பெரும்பாலான பாடல்களில் டிரம்ஸ் வாசித்தவர் கெவின் வாலன்டைன். லீட் கிட்டாரில் பெரும்பகுதி டாமி தேயர். நால்வரும் சேர்ந்து வாசித்தது ஒரே ஒரு பாட்டில்தான், ஃப்ரேலி எழுதிப் பாடிய பாட்டில். நடுவர் அவர்களே, அந்த ஒரு பாட்டைத் தவிர, அந்த ரெக்கார்டில் நால்வரும் கூடவே இல்லை! 1996 ஜூனிலிருந்து ஓராண்டு முழுக்க, 192 நிகழ்ச்சிகளில், மேடையில் கூடியிருந்தார்கள். அந்த மறுகூடலை முழுசாகக் கேட்க வேண்டும் என்றால் அரங்கத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை.

‘யார் வாசித்தால் என்ன, சரியாக வாசித்தால் போதாதா?’ என்று கேட்பார்கள். 1995-ல் அந்தக் குழுவில் லீட் கிட்டார் வாசித்த புரூஸ் குலிக்கும் டிரம்ஸ் வாசித்த எரிக் சிங்கரும் நுட்பத்தில் முந்தைய இருவரையும் மிஞ்சியவர்கள்; இசை தெரிந்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் கிரிஸ் ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். தாளத்தைச் சமமாக நறுக்காமல் கொஞ்சம் ஆட்டிவிட்டு வாசிப்பார். ஃப்ரேலி லீட் வாசிக்கும்போது ஒரு சுரத்தை வளைத்து, அது நடுங்குவதை அவசரப்படாமல் விட்டுவைப்பார். முந்தைய பாடல்களெல்லாம் இந்த இரண்டு கைகளின் பழக்கத்தை வைத்துக் கட்டியவை. சுற்றுப்பயணத்துக்கு முன்னால் இருவரும் தங்கள் சொந்தப் பகுதிகளையே மறுபடி உட்கார்ந்து கற்கவேண்டி வந்தது. அதற்குத் துணையாக இருந்தவர் அதே டாமி தேயர். தெரிந்த ஒருவர் சொல்லிக் கொடுத்தும்கூட, மேடையில் நிற்க வேண்டியது ஃப்ரேலியின் கைதான் என்று அன்று அந்தக் குழுவுக்கே தெரிந்திருந்தது.

இரண்டாவது கணை, சுருதி. இங்கே எதிரணி நண்பர் தகவலில் சறுக்கிவிட்டார். கிட்டாரின் வழக்கமான சுருதியில் அடிக்கம்பி மூன்று கட்டையில் நிற்கும். கிஸ் குழு 1970-களிலேயே ஆறு கம்பியையும் அரைக் கட்டை இறக்கி, இரண்டரைக் கட்டையில்தான் வாசித்தது. இருபதுகளில் இருந்தவர்களுக்கு என்ன வயதாகிவிட்டது? அரைக் கட்டை இறக்கினால் கம்பியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். விரலால் கம்பியை வளைப்பது இலகுவாகும், ஒலியில் கனம் கூடும், உச்சத்தில் பாடுகிற தொண்டைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அது ஆரம்பத்திலிருந்தே அவர்கள் தேர்ந்தெடுத்த நிறம்.

கிளாம் ராக்கில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாதிதான் கேட்கும். அரிதாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நால்வரும் தங்கள் முகத்தைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள், இரண்டு மணி நேர வேலை. வெள்ளைக் களிம்பை மெல்லிசாகத் தட்டிப் பூச வேண்டும், மேலே பவுடர் ஒற்றி அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும், உதிரியைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும், பிறகுதான் கறுப்பு. பவுடரில் அவசரம் காட்டினால் மூன்றாம் பாட்டுக்குள் வியர்வையில் கறுப்பு வெள்ளைக்குள் இறங்கி முகம் சாம்பலாகும், களிம்பு கண்ணில் வழியும். கண் எரியும்போதும் வாசிக்கிறவரைப் பார்க்கிறோம். அந்த உடல் உழைப்பு இசைக்குள் இருக்கிறது.

ஃப்ரேலியின் புகை கக்கும் கிட்டாரும் அப்படித்தான். முதலில் புகைக்குண்டை வால்யூம், டோன் திருகுகளின் வயரிங் இருக்கும் குழிக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். புகையின் பிசுக்கு ஏறித் திருகுகள் கெட்டன. அதற்குப் பிறகு, கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்களில் கழுத்துப் பக்கத்து பிக்கப் இருக்கும் இடத்தைப் புகைக்காகவே ஒதுக்கி, ஒலியை மற்ற பிக்கப்பில் எடுத்தார்கள். லீட் வாசிக்கும்போது புகை எழுகிற நேரத்தில் எந்தக் கை எந்தச் சுரத்தில் இருக்க வேண்டும் என்பது உட்பட அந்தப் பகுதியே அதற்காக அமைந்தது. ரெக்கார்டில் அது கொஞ்சம் நீளமான ஒரு லீட், அவ்வளவுதான்.

ஆபத்தும் நிஜம். 1973 டிசம்பர் 31-ல், நியூயார்க் அகாடமி ஆஃப் மியூசிக்கில் நெருப்பு ஊதிய சிம்மன்ஸின் தலைமுடி பற்றிக்கொண்டது. முடி முழுக்க ஸ்ப்ரே அடித்திருந்ததுதான் வினையானது. 1976 டிசம்பர் 12-ல் ஃபுளோரிடாவின் லேக்லாண்டில், கிட்டாரைப் பிடித்தபடி படியில் இறங்கிய ஃப்ரேலி எர்த் இல்லாத இரும்புக் கைப்பிடியைத் தொட்டார். கிட்டார் கம்பி ஆம்ப்ளிஃபயர் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, கைப்பிடியில் கசிவு மின்சாரம், நடுவில் மனித உடல். அதற்குப் பிறகுதான் குழு வயர்லெஸ்ஸுக்கு மாறியது. இன்று எல்லாக் கிட்டார்காரர்களும் மேடை முழுக்க ஓடுகிறார்களே, அந்த வழக்கம் பரவியதில் இந்த விபத்துக்குப் பங்கு உண்டு.

‘நேரில் போனால் இரைச்சல்தான் மிஞ்சும்’ என்று நண்பர் இடையில் சொன்னார். எங்கே நின்று கேட்பது என்று தெரியாவிட்டால் அப்படித்தான் இருக்கும். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஸ்டேடியத்தில் 100 மீட்டர் தள்ளி நின்றால் டிரம்ஸ் அடி 0.29 நொடி பிந்தி வரும். நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாட்டில் ஒரு தட்டு அரை நொடி. அதாவது கை இறங்குவதைப் பார்த்து அரைத் தட்டுக்கு மேல் கழிந்துதான் அடி காதுக்கு வரும். கூட்டத்துக்கு நடுவே ஒலிக்கலவைப் பலகை வைத்திருக்கும் சிறு மேடைக்கருகே போங்கள், அங்கே இருப்பவர் தன் காதுக்குச் சரியாகத்தான் ஒலியை அமைக்கிறார். ஆனால் நட்ட நடுக்கோட்டில் நிற்காதீர்கள். இடமும் வலமும் வைத்த சப்வூஃபர்களின், அதாவது பேஸ் ஒலிபெருக்கிகளின், அலைகள் அந்தக் கோட்டில் ஒன்றாகக் கூடுவதால் பேஸ் உப்பிப்போய் மற்றதை மூடும். இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலே கிக் டிரம் தெளியும். முதல் இரண்டு மூன்று பாட்டை வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. மாலையில் காலி அரங்கில் ஒலிச் சோதனை செய்கிறார்கள். இரவில் ஆயிரக்கணக்கான உடல்கள் ஒலியை உறிஞ்சுவதால் எல்லாவற்றையும் அங்கேயே திருத்த வேண்டியிருக்கிறது.

காதையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். இசைக்காரர்களுக்கான, எல்லாச் சுரத்தையும் சமமாகக் குறைக்கிற காதடைப்பான் 15 முதல் 20 டெசிபெல் வரை குறைக்கும். நுரைப்பஞ்சு அடைப்பான்தான் கிடைத்தது என்றால் மெல்லிசாக உருட்டுங்கள், மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்துச் செருகுங்கள், விரிந்து நிற்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பாதி செருகினால் உச்ச ஒலிகள் மட்டும் மங்கும், ஆபத்து அப்படியே இருக்கும்.

ஒரு விஷயத்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். முன்பே பதிவு செய்த பின்னணிக் குரலை ஓடவிடும் குழுக்கள் இருக்கின்றன. பாடுகிறவர் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பியும் குரல் குறையவில்லை என்றால் அது டிராக். பாட்டின் முடிவையும் கவனியுங்கள். கிட்டாரைத் தலைக்கு மேல் தூக்கி, டிரம்மரைப் பார்த்து, கடைசி அடியை எப்போது இறக்குவது என்று கண்ணாலேயே பேசிக்கொண்டால் அங்கே ஆட்கள் வாசிக்கிறார்கள். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பே நேரில் இருப்பவருக்குத்தான் அதிகம்.

மூன்றாவது, காசு. சம்பாதித்தார்கள், 1996-ல் அமெரிக்காவில் வசூலில் முதலிடம் அவர்கள்தான். கூலி வாங்கிக்கொண்டு வாசித்ததால் வாசிப்பு பொய்யாகிவிடுமா? இவ்வளவு போதும் இதற்கு.

காசைத் தாண்டிய ஒரு மறுகூடலைப் பார்க்க ஆசைப்பட்டால் லண்டனுக்கு வாருங்கள். மாட் தி ஹூப்பிள் என்ற கிளாம் குழு 1972-ல் உடையப் போன நேரத்தில் டேவிட் போவி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்துக் காப்பாற்றினார், 1974-ல் எப்படியும் உடைந்தது. 2009 அக்டோபரில் ஹாமர்ஸ்மித் அப்போலோவில் ஐந்து இரவுகளுக்கு மீண்டும் கூடினார்கள். பாடகர் இயன் ஹன்டருக்கு அப்போது 70 வயது. டிரம்மர் டேல் கிரிஃபினை அல்சைமர் நோய் பிடித்திருந்தது, முழு நிகழ்ச்சியும் வாசிக்க முடியாது. வேறொருவரை வைத்து மூடிமறைத்திருக்கலாம். அவர்கள் பிரிட்டெண்டர்ஸ் குழுவின் மார்ட்டின் சேம்பர்ஸை உட்காரவைத்து நிகழ்ச்சியை நடத்திவிட்டு, நிறைவுப் பாடல்களுக்குக் கிரிஃபினை அழைத்துவந்து சேர்த்துக்கொண்டார்கள். 2016-ல் கிரிஃபின் மறைந்தார். அடுத்த ஆண்டு பேஸ் வாசித்த ஓவரெண்ட் வாட்ஸ்.

கிஸ் குழுவிலும் அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. 2023 டிசம்பர் 2-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் திரையில் கணினி வரைந்த நான்கு உருவங்களைக் காட்டினார்கள். ஃப்ரேலியின் விண்வெளி மனிதன் அரிதாரம் அன்று டாமி தேயர் முகத்தில் இருந்தது. 2025 அக்டோபரில் ஏஸ் ஃப்ரேலி காலமானார். ‘அலைவ்!’ இன்னும் கடையில் கிடைக்கிறது, நடுவர் அவர்களே. 1996 ஜூன் 28-ல் டெட்ராய்ட்டில் நேரில் நின்று கேட்டது கிடைக்காது. தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். வணக்கம்.