சூப்பர்மேனுக்கு முன்பே ஒரு டாக்டர் அக்கல்ட்

அடுத்த கேள்வி. "பேய்களைத் துப்பறியும் டாக்டர் அக்கல்ட்தான் சூப்பர்மேனுக்கு மூலம் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

பாதி உண்மை. இரண்டையும் உருவாக்கியவர்கள் ஒரே ஜோடிதான்: எழுத்து ஜெர்ரி சீகல், படம் ஜோ ஷூஸ்டர். டாக்டர் அக்கல்ட் 1935 அக்டோபரில், 'நியூ ஃபன்' என்ற அமெரிக்கக் காமிக்ஸ் பத்திரிகையின் ஆறாவது இதழில் வந்துவிட்டார். நமக்குப் பழக்கமான மந்திரவாதி மாண்ட்ரேக் செய்தித்தாள்களில் தலைகாட்டி அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் மாண்ட்ரேக் மேடை மந்திரவாதி, இவர் துப்பறிவாளர். முதல் வழக்கே ரத்தக்காட்டேரி. கூட ரோஸ் சைக்கிக் என்ற பெண்ணும் உண்டு. சீகலும் ஷூஸ்டரும் இதில் சொந்தப் பெயரைக்கூடப் போடவில்லை. எழுத்துகளைக் குலுக்கி 'லெஜர், ரூத்ஸ்' என்று போட்டுக்கொண்டார்கள்.

சூப்பர்மேன் பேச்சு எங்கே வருகிறது என்றால், 1936இல் வந்த, கோத் என்ற வில்லனோடு மோதும் கதையில். அதுவரை கோட் சூட்டில் பேய் பிடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று முதுகில் தொங்கும் கேப் மாட்டிக்கொண்டு பறக்கிறார்! இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இந்தக் கதையின் தொடக்கம் வேறொரு கம்பெனியின் பத்திரிகையில், 'டாக்டர் மிஸ்டிக்' என்ற பெயரில் மே மாதம் வந்தது. அந்தக் கம்பெனியை ஆரம்பித்ததே 'நியூ ஃபன்' முதலாளியிடம் வேலை பார்த்துவிட்டு விலகியவர்கள்தான். கதையின் தொடர்ச்சியோ பழைய இடத்துக்கே திரும்பி, 'மோர் ஃபன்' ('நியூ ஃபன்'தான் இப்படிப் பெயர் மாறியிருந்தது) 14ஆம் இதழில் டாக்டர் அக்கல்ட் பெயரில் ஓடியது. அங்கே முதல் பகுதியைப் படித்த பையன் இங்கே தொடர்ச்சியை எப்படிக் கண்டுபிடித்திருப்பான்? அதற்கே ஒரு துப்பறிவாளர் வேண்டும்.

சரி, அப்போ சூப்பர்மேன் இதிலிருந்து பிறந்தவரா என்றால், இல்லை. 1933லேயே சீகல் 'சூப்பர்மேன்' என்ற பெயரில் கதை எழுதிவிட்டார். அதில் அவன் மொட்டைத்தலை வில்லன்! அதே வருஷம் நாயகனாக மாற்றியும் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. விற்காமல் கையில் கிடந்த ஆசையைத்தான் டாக்டர் அக்கல்ட் மேல் போட்டு ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் வந்தார். அதே ஜூன் தேதியிட்ட 'மோர் ஃபன்' 32ஆம் இதழோடு டாக்டர் அக்கல்ட் நின்றுபோனார். மறுபடி அவரைத் தூசி தட்டி எடுத்தவர் காமிக்ஸ் எழுத்தாளர் ராய் தாமஸ், அதுவும் 1985இல்தான்.