டிராஃப்ட் முடிந்த மறுநாள்

நண்பர்களே, வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் அணிகள் வருடா வருடம் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே போதும், யாருக்கு முதல் எண் விழும், எந்தப் பையனை யார் தட்டிக்கொண்டு போவார்கள் என்று ஒரே ஆரவாரம்தான். சரி, அந்த இரவு எனக்கும் பிடிக்கும். ஆனால் பெயரை வாசித்து, தொப்பியை மாட்டி, கைகுலுக்கி முடித்த மறுநாள் அந்தப் பத்தொன்பது வயதுப் பையனை யார் கையில் ஒப்படைக்கிறார்கள்? அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

2013-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாக கிளீவ்லாந்து அணி எடுத்த ஆந்தனி பென்னட் நான்கே சீசனில் என்.பி.ஏ.வை விட்டுப் போய்விட்டார். அதே இரவில் 15-வதாக மில்வாக்கி எடுத்தது, கிரீஸின் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த யானிஸ் அன்டெட்டோகும்போ என்ற ஒல்லிப் பையனை. முதல் சீசனில் அவருடைய சராசரி 6.8 புள்ளி, அவ்வளவுதான். அவரைத் தொடர்ந்து ஆடவிட்டார்கள். 2019-லும் 2020-லும் லீகின் சிறந்த ஆட்டக்காரர், 2021-ல் கோப்பை. அப்புறம் பின்னால் பெரிய நட்சத்திரமான நிகோலா யோக்கிச், 2014-ல் 41-வது எண். டென்வர் அவரை உடனே இழுத்துவரவில்லை, இன்னும் ஒரு வருடம் செர்பியாவிலேயே ஆடட்டும் என்று விட்டது.

எடுத்தவர்களுக்குக் கண் இருந்தது, கண்டுபிடித்தார்கள் என்பீர்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஏனென்றால் காவாய் லெனர்ட் இருக்கிறாரே, 2011-ல் 15-வதாக இந்தியானா எடுத்து அன்றிரவே சான் அன்டோனியோவுக்குக் கொடுத்த பையன், கல்லூரியில் கடைசி சீசனில் தூரத்திலிருந்து எறியும் அவருடைய மூன்று புள்ளி எறிதல் நூற்றுக்கு 29 தான் விழுந்தது. சான் அன்டோனியோவில் சிப் எங்கெலண்ட் என்று எறிதல் சொல்லிக்கொடுக்கும் ஒரு கோச். லெனர்ட் பந்தைத் தலைக்கு மேலே ரொம்ப உயரத்திலிருந்து விடுவதைப் பார்த்து, விடும் இடத்தைச் சற்று இறக்கிக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். மொத்த எறிதலையும் கலைத்துப்போடாமல் அந்த ஓர் இடத்தில் மட்டும் கைவைத்தார். கல்லூரி ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோட்டைக் காட்டிலும் தள்ளியிருக்கும் என்.பி.ஏ. கோட்டிலிருந்து முதல் சீசனிலேயே 37 சதவீதத்துக்கு மேல் விழுந்தது! 2014 இறுதித் தொடரில் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். அந்தக் கையை வேறொரு அணி அப்படியே விட்டிருந்தால்?

அதே சான் அன்டோனியோவுக்கு 1997-ல் முதல் எண் விழுந்து டிம் டங்கன் கிடைத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். மேல் எண் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்குக் கோபம் வருவது, மோசமாகத் தோற்கும் அணிக்குத்தான் மேல் எண் விழும் வாய்ப்பு அதிகம் என்று அதற்காகவே வருடக்கணக்கில் தோற்கிறார்களே, அங்கேதான். பிலடெல்பியா 2015-16-ல் 82 ஆட்டத்தில் ஜெயித்தது 10. அப்படித் தோற்ற வருடங்களில், 2014-ல், பின்னால் நட்சத்திரமான ஜோயல் எம்பீட் கிடைத்தார், உண்மை. ஆனால் தோற்றாலும் பரவாயில்லை என்கிற அணியில் இளம் பையன் எதைக் கற்றுக்கொள்வான்? காவல் ஆட்டத்தில் கால் நகராவிட்டால் அதட்டுவதற்கு அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் வேண்டாமா? தேர்வு வரிசையைக் குலுக்கிப் போட்டு முடிவுசெய்யும் லாட்டரியில், 2019-லிருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் எண் கிடைக்கும் வாய்ப்பை ஆளுக்கு 14 சதவீதம் என்று சமமாக்கினார்கள். நல்ல காரியம், போதாது.

டொராண்டோவைப் பாருங்கள். 2016-ல் பாஸ்கல் சியாக்கம் 27-வது எண், பிரெட் வான்விலீட்டை யாருமே எடுக்கவில்லை. சியாக்கம் ஆரம்பத்தில் முதல் ஐந்து பேரில் ஆடினார், அப்புறம் இடம் போயிற்று. பெஞ்சில் துண்டோடு உட்காரவைக்காமல் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் டி லீகில் (இப்போது ஜி லீக்) இருந்த தங்கள் துணை அணிக்கு அனுப்பினார்கள். அங்கே பந்து அவர் கையில், நேரம் அவருக்கு. இரண்டு பேரும் 2017-ல் அந்த லீகின் கோப்பையை வென்றார்கள், 2019-ல் என்.பி.ஏ. கோப்பையையும்.

ஆகவே அடுத்த டிராஃப்டில் உங்கள் அணி ஒருவரை எடுத்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: இவனுக்கு எறிதல் சொல்லிக்கொடுப்பது யார், முதல் வருடம் எங்கே எத்தனை நிமிடம் ஆடப்போகிறான், தப்புச் செய்தால் மறுபடி எப்போது இறக்குவார்கள். பதில் சொல்லத் தெரியாத நிர்வாகத்துக்கு முதல் எண்ணே விழுந்தாலும் நான் கைதட்டமாட்டேன்.